இசைத்தட்டும் அதன் உறையும்

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ பழைய கல்வீடொன்று கைமாறும்பொழுது, கடைசியாக வெறுமையாக்கப்படும் இடம் பரண் ஆகும். பித்தளைப் பாத்திரங்களைப் பெண் மக்கள் பங்கிட்டுக் கொள்வர். புத்தகங்கள் பள்ளிக்கூடத்துக்கோ கோயில் மடத்துக்கோ போய்ச் சேரும். யாருக்கும் வேண்டாததாய் மிஞ்சுவது மரப்பெட்டி ஒன்று. மூடியைத் திறந்தால் நாற்பது ஐம்பது கரிய தட்டுக்கள். ஒவ்வொன்றும் மங்கிய கடதாசி உறையொன்றினுள் இருக்கும். திறந்தவர் முதலிற் செய்யும் காரியம், கிழிந்துபோன அந்த உறைகளை உருவி எடுத்துக் குப்பையிற் போடுவது. இரண்டாவது காரியம், ஈரத் துணியினால் தட்டுக்களை அழுந்தத் துடைப்பது. இவ்விரண்டும் முடிந்தபின்னரே, 'இவற்றுக்கு ஏதேனும் மதிப்பு உண்டா?' என்ற கேள்வி பிறக்கிறது. அதற்குள் மதிப்பிற் பாதி போய்விட்டது.

இசைத்தட்டுச் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். தபாற்றலை சேர்ப்பதும் நாணயம் சேர்ப்பதும் போன்றதே இதுவும் என்பர். ஒருவகையில் அது உண்மைதான். எனினும் தபாற்றலை பேசுவதில்லை, நாணயம் பாடுவதில்லை. மறைந்த மனிதர் ஒருவரின் மூச்சும் இருமலும் சுருதிப் பிசகுங்கூட ஒரு தட்டின் வரைகளுக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே அதனைப் பேணுவோரின் பொறுப்பு, ஏட்டுச் சுவடியைப் பேணுவோரின் பொறுப்பை ஒத்தது.

இந்த ஒப்புமை வெறும் அலங்காரமன்று. 1887 ஆம் ஆண்டிலே சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையைப் பதிப்பித்தார்கள். ஏடுகள் கைபட்ட மாத்திரத்தே நொறுங்குவதையும், இன்னும் சில ஆண்டு கழிந்தால் பழந்தமிழ் நூல்கள் அடியோடு அழிந்துபோம் என்பதையும் அப்பதிப்பின் முன்னுரையிலே மனம் நைந்து எழுதினார்கள். அதே 1887 இல், நவம்பர் 8 ஆம் நாளன்று, ஜெர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய எமில் பெர்லினர் என்பவர் கிராமபோனுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். எடிசன் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே, 1877 இல், உருளை வடிவான பேசும் பொறியை ஆக்கியிருந்தார். ஆயினும் உருளையைப் படியெடுத்தல் கடினமாயிருந்தது. பெர்லினர் உருளையை விட்டுத் தட்டையைக் கைக்கொண்டமையால், ஒரு தாய் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை அடைபோல் அழுத்தி எடுக்க முடிந்தது. ஓலையிலிருந்து அச்சுக்கு நூல்கள் ஏறிய காலத்திலேயே ஒலிக்கும் ஓர் அச்சு பிறந்தது என்க.

அந்தத் தட்டு எதனால் ஆயது? நேயர்களுட் பலர், பழைய கறுப்புத் தட்டுக்கள் எல்லாம் பிளாஸ்டிக் என்றே நினைத்திருப்பர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுக்கள் பெரும்பாலும் அரக்கினால் ஆனவை. பாண்டவரை எரித்தற்கென்று மாளிகை கட்டப்பட்டதாகப் பாரதம் சொல்லும் அதே அரக்குத்தான். பலாசு, இலந்தை முதலான மரங்களின் கொம்பர்களில் மொய்க்கும் சிறு பூச்சிகள் அதனைச் சுரக்கின்றன. வட இந்தியாவின் சோட்டா நாக்பூர்க் காடுகள் இதற்குப் பேர் போனவை. தட்டிலே அரக்கின் பங்கு சிறிதே. பெரும்பகுதி நுண்ணிய கற்பொடியும், கறுப்பு நிறத்துக்குக் கரியும், பிணைப்புக்குப் பஞ்சு இழையுமாம். கற்பொடி சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. உருக்கு ஊசி ஓடும்பொழுது அதன் முனையைத் தட்டே சற்றுத் தேய்த்து, வரையின் அளவுக்குப் பொருந்தச் செய்துகொள்ளும். அதனாலேதான் ஒரு பக்கம் முடிந்ததும் ஊசியை மாற்றுக என்று தகரச் சிமிழ்களிலும் உறைகளிலும் அச்சிட்டிருந்தார்கள். சிக்கனம் பார்த்து ஒரே ஊசியால் பத்துப் பாட்டுக் கேட்டவர்களின் தட்டுக்கள் இன்று சாம்பல் பூத்துக் கிடக்கின்றன.

இந்திய அரக்கு மேனாடு சென்று, தட்டாகித் திரும்பிய கதை சுவையானது. 1902 ஆம் ஆண்டின் இறுதியிலே பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்தார். விடுதி அறையொன்றிலே கவுஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். மெழுகுத் தட்டுக்கள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குச் சென்று, அங்கே அச்சாகி, மறுபடியும் கப்பலேறி வந்தன. அந்த அம்மையார் பாட்டின் முடிவிலே ஆங்கிலத்தில் தம் பெயரைத் தாமே சொல்லுவார். கேட்போர் அதனை அகந்தை என்று எண்ணக்கூடும். உண்மை யாதெனில், இந்திய மொழி ஒன்றும் அறியாத ஹனோவர்த் தொழிலாளர் எந்தத் தட்டுக்கு எந்தச் சீட்டை ஒட்டுவது என்று தெரிந்துகொள்ள அப்பெயர் உதவிற்று. 1908 இல் கல்கத்தாவைச் சேர்ந்த சியால்தாவிலே தொழிற்சாலை திறக்கப்பட்டபின் அந்த நெடும்பயணம் குறைந்தது.

தட்டின் நடுவிலே ஒட்டியிருக்கும் நாய்ப்படத்தை அறியாதார் இல்லை. 'நாய் மார்க்' என்றே நம்மவர் கேட்டு வாங்கினர். பிரான்சிஸ் பரோட் என்ற ஆங்கில ஓவியர் முதலில் வரைந்தது உருளைப் பொறியின் முன் அமர்ந்த நாயையே. 1899 இல் கிராமபோன் கம்பனியார் படத்தை வாங்கியபோது, உருளைப் பொறியை அழித்து அதன்மீது தங்கள் தட்டுப் பொறியை வரைவித்தார்கள். ஓவியத்திலும் ஒரு படையின் மேல் மற்றொரு படை!

இனித் தமிழிசைக்கு வருவோம். பத்து அங்குலத் தட்டு ஒன்றின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாடலாம். பன்னிரண்டு அங்குலத் தட்டாயின் சற்றுக் கூடும். நாதசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை ஒரே இராகத்தை மணிக்கணக்காக விரித்தவர். அவருடைய தோடி ஆலாபனை ஒரு தட்டின் இரு பக்கங்களில் அடக்கப்பட்டுத் தமிழ் நாடெங்கும் பரவிற்று. கடலைக் குடத்தில் அடைத்த வித்தை அது. இவ்வாறு சுருக்குவதனாற் சங்கீதத்துக்கு ஊறு விளைந்தது என்று சினந்தவர்களும் உளர். அவர்கள் கூற்றில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் 1933 இலே, இருபத்தேழே வயதில், எஸ். ஜி. கிட்டப்பா மறைந்தார், வீணை தனம்மாள் 1938 இல் மறைந்தார், என். சி. வசந்தகோகிலம் 1951 இல் மறைந்தார். இவர்களைப் பின்வந்தோர் ஓரளவேனும் கேட்டறிய முடிவது அந்த மூன்று நிமிடங்களாலேயே. தட்டு இல்லையேல், கிட்டப்பாவின் குரல் எப்படியிருந்தது என்பதற்குக் கேட்டவர்களின் பெருமூச்சு ஒன்றே சான்றாகியிருக்கும்.

நாடகங்களும் இவ்வாறே வந்தன. ஒரு கதையை ஐந்தாறு தட்டுக்களில் தொகுதியாக விற்றார்கள். அத்தகைய தொகுதியில் ஒரு தட்டு உடைந்தால் கதாநாயகி அழுதுகொண்டிருக்கும்போதே கதை அறுந்துவிடும். அடுத்த தட்டில் அவள் சிரித்துக்கொண்டிருப்பாள். மேனாட்டிலும் நீண்ட இசைப்படைப்புக்களை இப்படியே பல தட்டுக்களிற் பிரித்து, புகைப்பட ஆல்பம் போலக் கெட்டி அட்டை கட்டிய தொகுப்பில் வைத்து விற்றனர். இன்று ஒரே தட்டையும் 'ஆல்பம்' என்று வழங்குவது அந்தப் பழைய கட்டின் எச்சமே.

இப்பொழுது உறையைக் கையில் எடுக்கலாம். 78 சுற்றுத் தட்டின் உறை மிக எளிமையானது: முரட்டுக் கடதாசி, நடுவிலே வட்டமான துவாரம். உறையிலிருந்து தட்டை உருவாமலே சீட்டைப் படிப்பதற்காக அந்தத் துவாரம். சுற்றியுள்ள வெற்றிடத்தில் கிராமபோன் பெட்டியின் படம், ஊசி விளம்பரம், கம்பனியின் முத்திரை ஆகியன இருக்கும். சில கடைக்காரர் தங்கள் பெயரையே அச்சிட்ட உறைகளில் வைத்து விற்றனர். அதனால், உறையிலுள்ள பெயரை மாத்திரம் கண்டு தட்டு இன்ன கம்பனியுடையது என்று முடிவு கட்டுவது தவறு. தட்டின் வரலாற்றைச் சீட்டும், ஓடாத உட்பாகத்திலே பொறிக்கப்பட்ட இலக்கமும் சொல்லும். உறை சொல்லுவது வேறொரு வரலாறு.

மலாயாவிலே புகையிரதப் பகுதியில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய ஒருவரின் பெட்டியை மனத்திற் கொள்வோம். அப்படிப்பட்டவர் நம் ஊர்களில் எத்தனையோ பேர் இருந்தனர். அவர் வாங்கிய தட்டின் உறையில் ஈப்போவிலோ பினாங்கிலோ இருந்த கடையொன்றின் இறப்பர் முத்திரை இருக்கக்கூடும். அதன் கீழே மைப்பேனாவால் எழுதிய விலையும் தேதியும், பின்புறத்தில் பென்சிலால் ஒரு பெண்ணின் பெயரும் இருக்கக்கூடும். அவர் எந்த ஆண்டில் எந்த நகரத்தில் இருந்தார், முதற் சம்பளத்தில் என்ன வாங்கினார், யாரை நினைத்து வாங்கினார் என்பவற்றைச் சொல்ல வேறு பத்திரம் ஒன்றும் வீட்டில் இல்லை. தட்டிலுள்ள பாட்டு இன்னொரு வீட்டிலும் கிடைக்கும். அந்தப் பென்சில் எழுத்துக் கிடையாது. கிழிந்த கடதாசி என்று குப்பையில் எறியப்படுவது அதுவே.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அரக்குக்குப் பெருந் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1942 இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்குப் பயன்படுத்துவதைக் கடுமையாகக் கட்டுப்படுத்திற்று. பழைய தட்டைக் கொடுத்தே புதியதை வாங்கும் நிலை வந்தது. எத்தனையோ பழங்குரல்கள் அவ்வாறு அரைபட்டு மாவாகிப் புதுப் பாட்டாயின. உலகின் பல பாகங்களில் தாய் அச்சுக்களையும் உலோகத்துக்காக உருக்கிவிட்டனர். தாய் அச்சு இல்லாத பாட்டுக்கு, யாரோ ஒருவர் வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் தட்டே மூலமும் படியும் ஆகிறது.

யுத்தத்துக்குப் பின், 1948 இலே, அமெரிக்கக் கொலம்பியா கம்பனியார் நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டனர். இது வைனல் என்னும் பிளாஸ்டிக்கினால் ஆனது, நுண்வரை உடையது, ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் ஒலிக்கும். அடுத்த ஆண்டிலே மற்றொரு கம்பனியார் 45 சுற்றுச் சிறுதட்டைக் கொண்டுவந்தனர். மேனாடுகளில் 78 ஓய்ந்த பின்னரும் இந்தியாவில் அது 1960 களிலும் அச்சாகிக்கொண்டிருந்தது. ஆதலால் நம் நாட்டுப் பெட்டிகளில் அரக்கும் வைனலும் அடுத்தடுத்துக் கலந்து கிடப்பதைக் காணலாம். இரண்டுக்கும் மருந்து ஒன்றன்று என்பதை மறந்துவிடலாகாது.

நெடுந்தட்டோடு உறையும் உயர்குலம் அடைந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் முன்னரே, கொலம்பியா கம்பனியில் 1939 இற் சேர்ந்த அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் என்ற இளைஞர், தொகுப்புக்களின் வெறும் பழுப்பு அட்டையைக் கல்லறைக் கல்லோடு ஒப்பிட்டு எள்ளி, அதன்மேல் வண்ணச் சித்திரம் வரைய வேண்டும் என்று வற்புறுத்தினார். 1940 முதல் அவர் வரைந்த அட்டைகள் விற்பனையைப் பெருக்கின. நெடுந்தட்டு வந்தபின் பன்னிரண்டு அங்குலச் சதுரம் ஓவியனுக்கு ஒரு சுவராயிற்று. நம் இசையைப் பொறுத்தவரையிலோ முன்புறத்து ஓவியத்தைவிடப் பின்புறத்து எழுத்தே பெரிது. 1963 இல் எம். எஸ். சுப்புலட்சுமி அவர்களின் வேங்கடேச சுப்ரபாதம் நெடுந்தட்டாக வெளிவந்தது. அதைப் போன்ற தட்டுக்களின் பின்னட்டையில் இராகம், தாளம், இயற்றியவர் பெயர், பக்கவாத்தியக்காரர் பெயர் முதலியவற்றைத் தேடலாம். நடுச்சீட்டிலே இடம் போதாமையால், வயலின் வாசித்தவர் யார், மிருதங்கம் வாசித்தவர் யார் என்பது சில தட்டுக்களில் அட்டையில் மாத்திரமே உண்டு. அட்டை தொலைந்தால் அந்த வித்துவான் பெயரற்றவராகிறார். வாழ்நாள் முழுவதும் மற்றொருவருக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தவர்க்கு இது எத்துணைக் கொடுமை!

பேணும் முறைகளைச் சொல்லப் புகுந்தால், நம் நாட்டின் காற்றிலிருந்தே தொடங்க வேண்டும். ஒலிப்பதிவுகளைக் காக்கும் மேனாட்டு நூலகங்கள், ஏறக்குறைய 18 முதல் 21 பாகை செல்சியசு வெப்பமும், 35 முதல் 50 சதவீத ஈரப்பதனும் வேண்டும் என்கின்றன. கொழும்பிலே ஆண்டின் பெரும்பகுதியில் ஈரப்பதன் 70 சதவீதத்தை மிஞ்சி நிற்கும். அத்தகைய காற்றில் கடதாசி உப்பும், பூஞ்சணம் பிடிக்கும். உறையிற் பிடித்த பூஞ்சணம் தட்டின் வரைக்குள் இறங்கும். இராமபாணப் பூச்சிக்கு அட்டையும் பசையும் விருந்து; கறையானுக்கோ பெட்டியே விருந்து. குளிரூட்டிய அறை எல்லார்க்கும் கிட்டாது. ஆனால் வெளிச் சுவரோடு ஒட்டாமலும், நிலத்தைத் தொடாமலும் அலுமாரியை வைப்பதற்குப் பணம் வேண்டியதில்லை. சிலிக்கா மணிகள் நிறைந்த சிறு பைகளை உள்ளே வைத்து, அவை ஈரம் ஏறியதும் எடுத்துச் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். மாதம் ஒருமுறை கதவைத் திறந்து பார்க்கும் கண்ணே எல்லாவற்றிலும் சிறந்த காவல்.

நல்லெண்ணத்தாற் செய்யும் பிழை ஒன்றை இங்கே குறிப்பிடல் தகும். ஏட்டையும் புத்தகத்தையும் வெயிலில் உலர்த்துவது நம்மவர் வழக்கம். அந்த வழக்கத்தால் தட்டுக்களையும் முற்றத்துப் பாயிலே பரப்புவோர் உளர். ஒரு மணி நேரத்தில் வைனல் தட்டு அப்பளம்போல நெளிந்துவிடும். நெளிந்ததை நிமிர்த்தப் பாரமேற்றிப் பார்ப்பர். நெளிவு சிறிது தணியலாம், வரை பழைய வரையாகாது. மோட்டார்க் காரின் பின்னாசனத்தில் மத்தியானப் பொழுதில் விட்டுச் செல்வதும் அத்தகையதே.

தட்டுக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாகாது. பத்து அங்குல அரக்குத் தட்டு ஒன்று ஏறக்குறைய 200 கிராம் நிறையுடையது. ஐம்பது தட்டுக்களை அடுக்கினால் அடித்தட்டின்மேல் பத்துக் கிலோ ஏறுகிறது. அரக்குக் கண்ணாடி போன்றது, வளையாது, வெடிக்கும். ஆகவே புத்தகத்தைப்போல நேராக நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றாலும் காலப்போக்கில் வளையும். இறுக்கி நெருக்கினால் உள்ளிருக்கும் தட்டின் விளிம்பு அட்டையில் வட்டமாகப் பதிந்து, ஓவியத்தின் வண்ணம் மோதிரம்போலத் தேய்ந்துவிடும். இரு தட்டுக்களின் இடையே கை தடையின்றி நுழைந்து வரும் அளவே நல்ல அளவு. பலகை கனத்ததாக இருக்க வேண்டும். புத்தகத்துக்கென்று செய்த மெல்லிய தட்டு நாளடைவில் நடுவிலே தொய்யும்.

நெடுந்தட்டுக்கு இரண்டு உறைகள் உண்டு: உள்ளுறை, வெளியட்டை. தட்டை வேகமாக உள்ளே தள்ளுபவர் வெளியட்டையின் அடிப்பொருத்தைக் கிழித்து விடுகின்றனர். அட்டையைச் சற்று வளைத்துத் திறந்து, தட்டை மெல்ல இறக்குதல் வேண்டும். உள்ளுறையின் வாயும் வெளியட்டையின் வாயும் ஒரே பக்கத்தில் இருந்தால் தூசி நேரே புகும். உள்ளுறையின் வாயை மேற்புறமாகத் திருப்பி வைத்தால் தூசிக்கும் வழியில்லை, தட்டும் உருண்டு விழாது. உள்ளுறை வெறுங் கடதாசியாயின் அதன் நார்கள் தட்டைத் தேய்க்கும். பொலித்தீன் உறை நன்று. ஆனால் கண்ணாடிபோல மினுங்கும் தடித்த பீவீசி உறையை விலக்க வேண்டும். அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் சூட்டில் கசிந்து, தட்டின்மீது பால்போன்ற மங்கலைப் படியச் செய்யும். அந்த மங்கல் கழுவினாற் போவதன்று. பார்வைக்கு அழகான உறையே நஞ்சாவதை அறியாமல், விலை கொடுத்து வாங்கி இட்டவர்கள் பலர். புதுத் தட்டின்மேல் இறுகச் சுற்றிவரும் மெல்லிய தாளையும் அப்படியே விட்டுவைத்தல் கூடாது. அது மேலும் மேலும் சுருங்கித் தட்டை வளைக்கும்.

பழைய கடதாசி உறையைப் பேணுவது எப்படி? பெரும்பாலும் அது புளிப்பேறிய கடதாசி. பழுப்பு நிறம் அதன் அடையாளம். அதனுள்ளேயே தட்டை வைத்திருந்தால் இரண்டும் கெடும். தட்டுக்கு அமிலமற்ற கடதாசியில் புதிய உறை ஒன்று இட்டு, பழைய உறையைத் தனியே தட்டையாக வைத்து, இரண்டிலும் ஒரே இலக்கத்தைப் பென்சிலால் எழுதிவிட வேண்டும். கிழிசலை ஒட்டும் நாடாவால் ஒட்டுவது பெரும் பிழை. பத்தாண்டில் நாடா உதிரும். அதன் பசை மஞ்சளாய் ஊறிக் கறையாகும். கோதுமை மாவிலிருந்து எடுத்த மாச்சத்துப் பசையையும் மெல்லிய நார்த்தாளையும் கொண்டு உட்புறமாக ஒட்டுவதே சுவடிக் காப்பாளர் கைக்கொள்ளும் முறை. அது கூடாதாயின், கிழிசலைக் கிழிசலாகவே விடுவது மேல்.

துடைக்கும் வகையில் ஓர் எச்சரிக்கை. அரக்குத் தட்டைச் சாராயச் சத்துள்ள எந்தத் திரவத்தாலும் தொடலாகாது. தச்சர்கள் அரக்கை மதுசாரத்திற் கரைத்தே மேசைக்கும் கதிரைக்கும் மெருகு பூசுகிறார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். ஒடிக்கொலோன் தோய்த்த கைக்குட்டையால் தாத்தாவின் தட்டைத் துடைக்கும் பேரன், கிட்டப்பாவின் குரலைக் கைக்குட்டையில் எடுத்துக்கொண்டு போகிறான். காய்ச்சி வடித்த நீரில் மிருதுவான சவர்க்காரத் திரவம் ஓரிரு துளி விட்டு, மென்மையான துணியை நனைத்துப் பிழிந்து, வரை ஓடும் வழியே வட்டமாகத் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். நடுச்சீட்டில் நீர் படலாகாது. விரல் எப்பொழுதும் விளிம்பிலும் சீட்டிலுமே இருக்கட்டும். விரலின் எண்ணெய்ப் பசை தூசிக்கும் பூஞ்சணத்துக்கும் சோறு.

ஊசியைப் பற்றி முன்னரே சொல்லப்பட்டது. இன்னும் ஒன்று. சாவி கொடுக்கும் பழைய பெட்டியின் ஒலித்தலை நூறு கிராமுக்கு மேற்பட்ட பாரத்தோடு வரையை அழுத்தும். இக்காலத்துக் கருவியின் ஊசி அழுத்துவதோ இரண்டு கிராம் அளவே. உருக்கு ஊசியை நெடுந்தட்டின்மேல் வைத்தால், ஏர் உழுத வயலாக அது மாறும். ஒரே முறை போதும். நெடுந்தட்டு ஊசியை 78 இன்மேல் வைத்தாற் சேதம் அவ்வளவில்லை. ஆனால் அகன்ற வரையின் அடித்தூசியிலே அது ஓடி, பாட்டைவிட இரைச்சலையே கேட்பிக்கும். அரக்குத் தட்டுக்கு அதற்குரிய தடித்த ஊசி வேண்டும்.

இலங்கை வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவுறாது. 1952 இல் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களைக் குறைத்தபோது, அப்பாடல்களுக்கு ஏங்கிய கோடிக்கணக்கான காதுகள் கொழும்பை நோக்கித் திரும்பின. 1957 இல் இந்தியா விவித பாரதியைத் தொடங்கிய பின்னரும் அந்தப் பழக்கம் எளிதில் விடவில்லை. தமிழ் வர்த்தக ஒலிபரப்பிலே மயில்வாகனன் அவர்களின் குரலைப் பாக்கு நீரிணையின் இருகரையிலும் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த நாள்களில் வந்து குவிந்த தட்டுக்கள் நிலையத்தின் நூலகத்தை ஆசியாவிலேயே பேர்பெற்ற ஒன்றாக்கின. நிலையம் 1967 இலே கூட்டுத்தாபனமாயிற்று, 1972 இலே பெயரும் மாறிற்று, தட்டுக்கள் இருந்தன. ஒலிபரப்பு நிலையத் தட்டுக்கு ஓர் இலட்சணம் உண்டு: அதன் உறையிலே, 'மூன்றாம் பாட்டிற் கீறல்', 'தொடக்கம் மெதுவாக' என்பன போன்ற குறிப்புக்களை அறிவிப்பாளர் தம் கைப்பட எழுதி வைப்பர். அடுத்த முறையில் வருபவருக்கு அது ஒரு கடிதம்.

வீடுகளிலிருந்த தட்டுக்களின் கதி வேறு. 1970 களிலும் 1980 களிலும் ஒலிநாடாப் பேழை வந்ததும் அவை பரணேறின. பின்னர் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் இரவு, மழைக்கிடையே, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் கைதடிப் பாலம் நோக்கி நடந்தனர். சைக்கிளில் அரிசியும், குழந்தையும், காணி உறுதியும் ஏறின. பத்துக் கிலோ அரக்கைச் சுமக்க யாருக்கு மனம் வரும்? வராதது குற்றமுமன்று. திரும்பி வந்தோர் சிலர் வீட்டைக் கண்டனர். சிலர் சுவரைக் கண்டனர். எஞ்சிய வீடுகளில் எஞ்சிய பரண்களில் எஞ்சிக் கிடப்பவையே இன்று நம் பேச்சுக்கு உரிய தட்டுக்கள். மேனாட்டு வீட்டிற் சேர்ந்த தட்டைப் போன்றதன்று இது. தப்பிப் பிழைத்த தட்டு.

இதற்கிடையே உலகம் மீண்டும் தட்டின்பால் திரும்பியிருப்பது வியப்பே. 2022 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் ஏறக்குறைய 4 கோடியே 10 இலட்சம் வைனல் தட்டுக்கள் விற்கப்பட்டன. குறுவட்டுக்களோ 3 கோடியே 30 இலட்சமே. 1987 இன் பின் தட்டு முந்தியது அதுவே முதல் முறை. இதனால் விலை ஏறிற்று. வியாபாரிகளும் ஊர் ஊராக வருகின்றனர். சேர்ப்போர் தட்டுக்கு ஒரு தரமும் அட்டைக்கு வேறு தரமும் இடுகின்றனர்; உறையற்ற தட்டுக்குப் பாதி விலையும் தர மனமொப்பார். பழமை ஒன்றே அருமையாகாது என்பதையும் விற்போர் அறிந்திருத்தல் நலம். புகழ்பெற்ற திரைப்பாடல் ஆயிரக்கணக்கில் அச்சானது. ஆனால் எல்லா வீட்டிலும் தேயத் தேய ஒலித்தமையால் அதன் நல்ல படி கிடைப்பதே அருமை. யாரும் விரும்பிக் கேளாத ஓதுவார் ஒருவரின் தேவாரத் தட்டோ புத்தம் புதிதாகக் கிடக்கும். அதைப் போல வேறொன்று உலகில் இல்லாமலும் இருக்கலாம்.

சென்னையில் வி. ஏ. கே. ரங்கா ராவ் அவர்கள் பல்லாயிரம் 78 சுற்றுத் தட்டுக்களைச் சேர்த்ததோடு நில்லாமல், அவற்றைக் கேட்டு, ஆராய்ந்து, எழுதியும் வந்திருக்கிறார்கள். சேர்ப்போனுக்கும் பதுக்குவோனுக்கும் உள்ள வேற்றுமை அதுவே. கேளாமற் பூட்டி வைப்பவன் கறையானைவிட ஒரு படிதான் உயர்ந்தவன். தட்டை ஒருமுறை தக்க கருவியில் ஒலிக்கச் செய்து, கணினியிற் பதிந்து, அந்தப் படியை நாளாந்தம் கேட்டு, மூலத்துக்கு ஓய்வு கொடுப்பது இக்காலத்தில் எளிது. அப்படிப் பதியும்போது, உறையின் முன்பின் இருபுறத்தையும், நடுச்சீட்டையும், உட்பாகத்து இலக்கத்தையும் படம்பிடித்து அதே இடத்தில் சேர்த்தல் வேண்டும். பாட்டை மாத்திரம் பதிந்துவிட்டுத் தட்டை விற்பவர்கள், சில ஆண்டின்பின் பாடியவர் பெயரை யாரிடம் கேட்பது என்று அலைகின்றனர்.

பெட்டியைத் திறக்கும் வீட்டார்க்கு ஒரு வேண்டுகோள். துடைப்பதற்கும் விற்பதற்கும் முன், வீட்டில் மூத்தவர் எவரேனும் இருந்தால் அவரை அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டாக உறையோடு அவர் கையிற் கொடுங்கள். எந்தத் தட்டு எந்தக் கலியாணத்துக்கு வாங்கியது, எதனை அம்மம்மா விரும்பிக் கேட்டார், எது யாரிடமிருந்து இரவல் வாங்கித் திருப்பிக் கொடாதது என்று அவர் சொல்லுவார். அதனை ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் எழுதி, தேதியிட்டு, அந்த உறையினுள்ளே வையுங்கள். மைப்பேனா வேண்டாம், மை ஊறும்.